பிரசவ வார்டில் வாங்கிய கையெழுத்து: பென்சில்வேனியாவின் சிசுத் தலைக்காயத் தடுப்புச் சட்டம், ஒரு நிகழ்வு ஆய்வு

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலம் 2002-இல் ஒரு சட்டம் இயற்றியது. குழந்தை பிறந்த ஒவ்வொரு மருத்துவமனையிலும், வீட்டுக்கு அனுப்பும் முன்பு, கைக்குழந்தையைப் பிடித்துக் குலுக்குவதால் வரும் ஆபத்தைப் பெற்றோருக்கு விளக்க வேண்டும். விளக்கம் கேட்டோம் என்று அவர்கள் விருப்பப்பட்டால் ஒரு படிவத்தில் கையெழுத்திடலாம். பக்கத்து மாநிலத்தில் நடந்த ஒரு சோதனையின் நல்ல பலன்தான் இந்தச் சட்டத்துக்கு அடிப்படை. பத்தாண்டுக்கு மேல் அது அமலில் இருந்த பிறகு, எதிர்பார்த்த பலன் வந்ததா என்று கணக்குப் பார்த்தார்கள். வரவில்லை.

ஆய்வு முடிவு கொள்கையாக மாறும் வழியில் எங்கே நழுவலாம் என்பதற்கு இதைவிடத் தெளிவான நிகழ்வு எனக்குத் தெரியாது. இதில் யாரும் ஏமாற்றவில்லை. சோம்பேறித்தனமும் இல்லை. சோதனையை நடத்தியவர்கள் அக்கறையோடு நடத்தினார்கள், சட்டம் போட்டவர்கள் ஆதாரத்தைப் பார்த்துத்தான் போட்டார்கள். அதனால்தான் இதை முதலிலிருந்து பார்ப்பது நல்லது. ஆய்வாளர்களின் பெயர்களை இங்கே தவிர்த்திருக்கிறேன்.

பின்னணி: அழுகையும் காயமும்

கைக்குழந்தையின் தலை உடலோடு ஒப்பிட்டால் பெரியது, கழுத்தோ வலுவற்றது. ஆத்திரத்தில் தோளைப் பிடித்து வேகமாகக் குலுக்கினால் மூளையைச் சுற்றியுள்ள மெல்லிய ரத்தக் குழாய்கள் அறுந்துவிடும். கண்ணின் விழித்திரையிலும் ரத்தம் கசியும். வெளியே ஒரு கீறல்கூட இல்லாமல் இருக்கலாம். இப்படிக் காயம்பட்டு மருத்துவமனைக்கு வரும் குழந்தைகளில் ஏறக்குறைய நாலில் ஒன்று பிழைப்பதில்லை. பிழைத்தவர்களில் பலருக்குப் பார்வை இழப்பு, வலிப்பு, கைகால் இறுக்கம், கற்றல் குறைபாடு என்று வாழ்நாள் முழுவதும் தொடரும் பாதிப்புகள் இருக்கும். குலுக்குவதால் இப்படி ஆகலாம் என்று 1971-இல் பிரிட்டனில் ஒரு நரம்பு அறுவை மருத்துவர் எழுதினார். அடுத்த சில ஆண்டுகளில் அமெரிக்காவிலும் இது பேசப்பட்டது.

ஏன் குலுக்குகிறார்கள் என்பதற்கான விடை பெரும்பாலும் ஒன்றுதான்: குழந்தை அழுகையை நிறுத்தவில்லை. இதைப் பற்றி நல்ல தரவு இருக்கிறது. 1962-இல் ஓர் அமெரிக்கக் குழந்தை மருத்துவர், 80 குழந்தைகள் எவ்வளவு நேரம் அழுகின்றன என்று தாய்மார்களைக் கொண்டே நாள்தோறும் குறிக்கச் செய்தார். பிறந்ததிலிருந்து அழுகை கூடிக்கொண்டே போய், ஆறாவது வாரத்தில் ஒரு நாளைக்குச் சுமார் 2 மணி 45 நிமிடத்தில் உச்சம் தொட்டு, அப்புறம் மெல்ல இறங்கியது. ஆரோக்கியமான குழந்தைகள்தான், நோய் எதுவும் இல்லை. பல ஆண்டுகள் கழித்து, 2006-இல், கலிபோர்னியா மருத்துவமனைப் பதிவுகளை வைத்து, தலைக்காயத்தோடு சேர்க்கப்பட்ட குழந்தைகளின் வயதை வரைபடமாகப் போட்டுப் பார்த்தார்கள். அதுவும் இரண்டு மூன்று வாரத்தில் தொடங்கி, 10-லிருந்து 13 வாரத்துக்குள் உச்சம் போய், பிறகு இறங்குகிறது. அழுகையின் கோட்டைச் சில வாரம் தள்ளி அப்படியே வரைந்த மாதிரி இருக்கும்.

செய்பவர்கள் யார் என்பதும் ஓரளவு தெரிந்திருந்தது. 1995-இல் வெளிவந்த ஓர் ஆய்வில் தந்தையர் 37%, தாயின் ஆண் துணைவர்கள் 20.5%, குழந்தையைப் பார்த்துக்கொள்ள வந்த பெண்கள் 17.3%, தாய்மார்கள் 12.6%. இந்த எண்களை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

நியூயார்க்கின் எட்டு கவுண்டிகளில் நடந்த சோதனை

நியூயார்க் மாநிலத்தின் மேற்குக் கோடியில் பஃபலோ நகரம் இருக்கிறது. அங்கிருந்த ஒரு குழந்தை நரம்பு அறுவை மருத்துவர் இந்தக் காயங்களை அறுவை மேசையில் தொடர்ந்து பார்த்துவந்தார். காயம்பட்ட பிறகு செய்ய முடிந்தது கொஞ்சம்தான். அதற்கு முன்னாலேயே ஏதாவது செய்ய வேண்டும் என்று அவரும் சக ஊழியர்களும் 1998 டிசம்பரில் ஒரு திட்டத்தைத் தொடங்கினார்கள். கவுண்டி என்பது நம் மாவட்டம் போன்ற ஒரு நிர்வாகப் பிரிவு. அந்தப் பகுதியின் எட்டு கவுண்டிகளில் குழந்தை பிறக்கும் மருத்துவமனைகள் எல்லாவற்றையும் திட்டத்தில் சேர்த்தார்கள்.

செய்தது மிக எளிமையானது. பிரசவம் முடிந்து தாய் வீட்டுக்குப் போகும் முன்பு, வார்டு நர்ஸ் ஒரு துண்டறிக்கை கொடுப்பார், ஒரு சிறு வீடியோவைப் பார்க்கச் சொல்வார். தாயிடம் மட்டும் பேசிவிட்டு விட்டுவிடக் கூடாது, தந்தையையும் உட்கார வைக்க வேண்டும் என்பது திட்டத்தின் முக்கியமான அம்சம். கடைசியில் இருவரும் உறுதிமொழிப் படிவத்தில் கையெழுத்திடுவார்கள். குழந்தையைப் பார்த்துக்கொள்ளப் போகும் மற்றவர்களிடமும் இதைச் சொல்லுங்கள் என்று கேட்டுக்கொள்வார்கள். கையெழுத்து கட்டாயமில்லை. போடாவிட்டால் எந்த நடவடிக்கையும் இல்லை.

யோசனை இதுதான்: குழந்தையைக் குலுக்கக் கூடாது என்பது பொதுவாகப் பலரும் கேள்விப்பட்டதுதான். ஆனால் கையில் புதிய குழந்தையோடு இருக்கும் அந்த நேரத்தில் நேருக்கு நேர் சொன்னால் மனதில் நிற்கும்.

ஐந்தரை ஆண்டுகளில் அந்தப் பகுதியில் 94,409 குழந்தைகள் பிறந்தன. 65,205 படிவங்கள் கையெழுத்தோடு திரும்பிவந்தன, அதாவது 69%. திரும்பிவந்த படிவங்களில் 96%-இல் தாயின் கையெழுத்தும் 76%-இல் தந்தை அல்லது அந்த இடத்தில் இருக்கும் ஆணின் கையெழுத்தும் இருந்தன. ஏழு மாதம் கழித்து சிலரைத் தொலைபேசியில் அழைத்துக் கேட்டபோது, பெரும்பாலானவர்களுக்கு விஷயம் நினைவிருந்தது.

முக்கியமான எண் இது. திட்டத்துக்கு முந்தைய ஆறு ஆண்டுகளில், பிறக்கும் ஒவ்வொரு லட்சம் குழந்தைக்கும் 41.5 குழந்தைகளுக்கு இந்தத் தலைக்காயம் ஏற்பட்டிருந்தது. திட்டம் நடந்த ஐந்தரை ஆண்டுகளில் அது 22.2 ஆக இறங்கியது. ஏறக்குறைய பாதி, 47% குறைவு. இதே காலத்தில் இப்படி ஒரு திட்டம் இல்லாத பென்சில்வேனியாவில் ஒப்பிடத்தக்க குறைவு எதுவும் இல்லை. ஆமாம், ஒப்பீட்டுக்கு எடுத்துக்கொண்டது அதே பென்சில்வேனியாதான்.

காயங்களைக் கணக்கிட்ட முறையும் நம்பகமாக இருந்தது. இப்படிக் கடுமையாகக் காயம்பட்ட குழந்தை அந்தப் பகுதியில் எங்கிருந்தாலும் கடைசியில் ஒரே குழந்தைகள் மருத்துவமனைக்குத்தான் வந்து சேரும். ஒரே குழு ஒரே அளவுகோலை வைத்துப் பார்த்தது.

ஆனால் லட்சத்துக்கு இவ்வளவு என்ற விகிதத்தை ஒதுக்கிவைத்துவிட்டுத் தலைகளை எண்ணினால், ஐந்தரை ஆண்டுகளில் 21 குழந்தைகள். முன்பு ஆண்டுக்குச் சுமார் எட்டாக இருந்தது, திட்டத்துக்குப் பிறகு நாலுக்கும் குறைவு. இவ்வளவு சின்ன எண்ணிக்கையில் எதுவும் செய்யாமலேயே ஏற்ற இறக்கம் வரும். எந்த மருத்துவமனையில் திட்டம், எதில் இல்லை என்று சீட்டுக் குலுக்கல் முறையில் பிரித்துப் பார்க்கவும் இல்லை. முன்பு, பின்பு என்ற ஒப்பீடும், பக்கத்து மாநிலத்தோடு ஓர் ஒப்பீடும், அவ்வளவுதான்.

சட்டம் முந்திக்கொண்டது

இந்தச் சோதனையின் முழு முடிவு குழந்தை மருத்துவத்தின் முன்னணி ஆய்விதழ் ஒன்றில் 2005 ஏப்ரலில் அச்சானது. பென்சில்வேனியா சட்டம் 2002-லேயே வந்துவிட்டது. சோதனை இன்னும் நடந்துகொண்டிருந்தது, பலன் நன்றாக இருப்பதாகத் தெரிந்தது, அந்த நிலையிலேயே மாநிலம் முழுவதற்கும் விரிவாக்க முடிவெடுத்தார்கள்.

அந்த முடிவை இன்று உட்கார்ந்துகொண்டு குறை சொல்வது சுலபம். அன்றைக்கு சட்டமன்ற உறுப்பினர் ஒருவரின் இடத்தில் இருந்து பாருங்கள். குழந்தைகள் சாகிறார்கள். ஒரு மருத்துவர் ஆதாரத்தோடு வந்து, பாதியைத் தடுக்கலாம் என்கிறார். செலவு குறைவு, ஒரு நர்ஸும் ஒரு வீடியோவும் ஒரு தாளும் போதும். எதிர்க்கும் தரப்பு இல்லை. தீங்கு ஏதும் வரும் என்று யாரும் நினைக்கவில்லை. இதை நிறுத்திவைத்து இன்னும் ஐந்து ஆண்டு ஆராயலாம் என்று சொல்ல யாருக்கு மனம் வரும்? குழந்தைப் பாதுகாப்பில் ஆதாரம் கேட்பவர் கல்நெஞ்சக்காரராகத் தெரிவார், அதுதான் இந்தத் துறையின் சிக்கல்.

பென்சில்வேனியாவைப் பின்தொடர்ந்தும் அதற்கு இணையாகவும் பல மாநிலங்கள் இதே மாதிரி சட்டங்கள் கொண்டுவந்தன. 2011-இல் நியூயார்க்கின் வேறொரு பகுதியான ஹட்சன் பள்ளத்தாக்கில் 19 மருத்துவமனைகளில் இதே திட்டத்தைச் செய்துபார்த்த அறிக்கை வந்தது. முந்தைய ஐந்து ஆண்டுகளில் 14 குழந்தைகள், திட்டம் வந்த மூன்று ஆண்டுகளில் 2 குழந்தைகள். 75% குறைவு என்று சொன்னார்கள். இன்னொரு இடத்திலும் பலித்துவிட்டது என்ற நம்பிக்கை பரவியது. 14-உம் 2-உம் எவ்வளவு சின்ன எண்கள் என்பதைப் பலர் பார்க்கவில்லை.

ஒன்றை மட்டும் பென்சில்வேனியா சரியாகச் செய்தது, அதைச் சொல்லாமல் விடக் கூடாது. பஃபலோ திட்டத்தைத் தொடங்கிய அதே மருத்துவர் பென்சில்வேனியாவுக்கு வந்து, மாநிலத் திட்டத்தையும் வழிநடத்தினார். படிவங்களைச் சேகரித்து எண்ணுவதும், காயங்களைத் தொடர்ந்து கணக்கெடுப்பதும் நிற்கவில்லை. சட்டம் வந்ததும் வேலை முடிந்தது என்று விட்டிருந்தால், இன்றைக்கும் 47% என்ற எண்ணைத்தான் எல்லோரும் மேற்கோள் காட்டிக்கொண்டிருப்பார்கள்.

திரும்ப எண்ணியபோது

அந்த மாநில அளவிலான முடிவு 2017-இல் வெளிவந்தது. ஆய்வுக் காலத்தில் 15,93,834 பிறப்புகள், கையெழுத்தான படிவங்கள் 11,80,291. அதாவது 74.1%. உலகத்தில் இந்த வகைத் திட்டம் எதுவும் இவ்வளவு பெரிய அளவில் ஆராயப்பட்டிருக்கும் என்று நான் நினைக்கவில்லை.

இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகள் இந்தத் தலைக்காயத்தோடு மருத்துவமனையில் சேர்க்கப்படும் விகிதத்தை, சட்டத்துக்கு முன்பும் பின்பும், இப்படி மாநிலம் தழுவிய திட்டம் இல்லாத வேறு 5 மாநிலங்களோடு ஒப்பிட்டார்கள். பென்சில்வேனியாவில் தனியாகக் குறைவு எதுவும் தென்படவில்லை.

சரி, பெற்றோரிடம் போய்ச் சேரவில்லை போலிருக்கிறது என்றுதான் முதலில் தோன்றும். ஆனால் பஃபலோவில் 69%, இங்கே 74%. சேர்ந்த அளவு இங்கேதான் அதிகம். ஆகவே நர்ஸுகள் சரியாகச் செய்யவில்லை, பெற்றோர் ஒத்துழைக்கவில்லை என்ற வழக்கமான விளக்கம் இங்கே எடுபடாது. தன் வெற்றியாகக் கருதப்பட்ட திட்டம் பெரிய அளவில் பலிக்கவில்லை என்பதை அதைத் தொடங்கியவரே ஆய்விதழில் எழுதி வெளியிட்டார். கொள்கை ஆய்வில் இது அரிது. பாராட்ட வேண்டிய விஷயம் என்று நினைக்கிறேன்.

ஏன் இப்படி ஆனது

உறுதியான விடை ஒன்று கிடையாது. ஆனால் சில விளக்கங்கள் மற்றவற்றைவிட வலுவாக இருக்கின்றன.

முதல் சோதனையில் கண்ட குறைவில் ஒரு பகுதி தற்செயலாக இருந்திருக்கலாம். 21 குழந்தைகளை வைத்து எடுத்த முடிவு, லட்சக்கணக்கான பிறப்புகளில் அப்படியே நிற்க வேண்டிய அவசியமில்லை. பஃபலோவில் இதையெல்லாம் முன்னின்று நடத்தியவர்களின் ஈடுபாடும் ஒரு காரணமாக இருக்கலாம். தாமே உருவாக்கிய திட்டத்தை ஒரு சிறு பகுதியில் நேரில் நடத்துவது வேறு. அதே தாளை மாநிலத்தின் எல்லாப் பிரசவ வார்டுகளிலும், டிஸ்சார்ஜ் நாளன்று தடுப்பூசி அட்டை, தாய்ப்பால் அறிவுரை, காருக்கான குழந்தை இருக்கை என்ற வரிசையில் இன்னொன்றாகக் கொடுப்பது வேறு.

கணக்கெடுக்கும் முறையும் மாறியிருந்தது. பஃபலோவில் ஒரு குழு நேரில் பார்த்து முடிவு செய்தது. மாநில அளவில் மருத்துவமனைகள் பதியும் நோய்க் குறியீடுகளை நம்ப வேண்டியிருந்தது. விழிப்புணர்வு கூடினால் மருத்துவர்கள் முன்பு தவறவிட்ட காயங்களையும் கண்டுபிடித்துப் பதிவார்கள், அப்போது எண்ணிக்கை கூடினதுபோலத் தோன்றும். இந்தக் காயத்தின் காரணத்தை எப்படி உறுதி செய்வது என்பதில் அமெரிக்க நீதிமன்றங்களில் நீண்ட வாதங்களும் நடந்துவருகின்றன. ஆனால் ஒப்பிட்ட மற்ற மாநிலங்களுக்கும் இது பொருந்தும் என்பதால், இதை மட்டும் வைத்து முழு வித்தியாசத்தையும் விளக்கிவிட முடியாது.

எனக்கு அதிகம் பொருள் தருவதாகப் படுவது வேறு. படிவத்தில் கையெழுத்திட்டவர்களையும் காயம் உண்டாக்குபவர்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பஃபலோவில் கிட்டத்தட்ட எல்லாப் படிவங்களிலும் இருந்தது தாயின் கையெழுத்து. 1995 ஆய்வில் தாய்மார்களின் பங்கு 12.6%. தந்தையைக் கூட்டி உட்கார வைக்க முயன்றதால் அந்த இடைவெளி கொஞ்சம் குறைந்தது, உண்மை. ஆனால் மூன்றாவது மாதத்தில் தாயோடு வந்து சேரும் ஆண் துணைவர் பிரசவ வார்டில் இல்லவே இல்லை. தாய் வேலைக்குப் போகும்போது குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் பெண்ணும் அங்கே இல்லை. அவர்களுக்குத் தாய் எடுத்துச் சொல்வாள் என்று திட்டம் எதிர்பார்த்தது. அது நடந்ததா என்று யாரும் அளக்கவில்லை.

நேரமும் ஒத்துப்போகவில்லை. பேசியது பிறந்த இரண்டாவது நாள். அழுகை உச்சம் போவது ஆறாவது வாரம், காயம் உச்சம் போவது பத்தாவது வாரத்துக்குப் பிறகு. பிரசவம் முடிந்த இரண்டாம் நாள் எவ்வளவு பேருக்கு எது மனதில் பதியும் என்று, குழந்தை பெற்ற யாரிடமும் கேட்டால் சொல்வார்கள்.

இன்னொன்று, பொருளாதாரம். அமெரிக்காவில் 2007 டிசம்பரில் பெரும் பொருளாதாரச் சரிவு தொடங்கியது. பென்சில்வேனியாவின் மேற்குப் பகுதியும் அடங்கிய 74 கவுண்டிகளை எடுத்துக்கொண்ட ஓர் ஆய்வு 2011-இல் வெளிவந்தது. சரிவுக்கு முன்பு லட்சத்துக்கு 8.9 ஆக இருந்த இந்தக் காயத்தின் விகிதம், சரிவின்போது 14.7 ஆக உயர்ந்திருந்தது. வேடிக்கை என்னவென்றால், எந்தக் கவுண்டியில் வேலையின்மை எவ்வளவு என்பதோடு இந்த உயர்வு நேரடியாகப் பொருந்தவில்லை. ஆனாலும் குடும்பங்களின் நெருக்கடி கூடும் காலத்தில் காயங்கள் கூடின என்பது தெரிகிறது. பென்சில்வேனியாவில் பெற்றோர் கையெழுத்திட்டுக்கொண்டிருந்த அதே ஆண்டுகள்தான் இவை.

மற்ற இடங்களில் கிடைத்த விடை

வட கரோலினா மாநிலம் பென்சில்வேனியாவைவிட ஒரு படி முன்னேறிய திட்டத்தை எடுத்துக்கொண்டது. குலுக்காதே என்று மட்டும் சொல்லாமல், அழுகையைப் பற்றியே பேசும் திட்டம் அது: முதல் மாதங்களில் அழுகை கூடத்தான் செய்யும், எதைச் செய்தாலும் நிற்காது, சாயங்காலத்தில் அதிகம் இருக்கும், குழந்தைக்கு நோய் என்று அர்த்தமில்லை, தாங்க முடியாவிட்டால் தொட்டிலில் பத்திரமாகப் படுக்க வைத்துவிட்டு அந்த இடத்தை விட்டுக் கொஞ்சம் நகர்ந்து போ. பிரசவ வார்டில் தொடங்கி, பிறகு குழந்தை மருத்துவரிடமும், அப்புறம் ஊடகங்கள் வழியாகவும் சொன்னார்கள்.

2015-இல் வந்த மதிப்பீட்டில் இரண்டு விடைகள் இருந்தன. அழுகை தொடர்பாக நர்ஸ் உதவி எண்ணுக்கு வந்த அழைப்புகள், மூன்று மாதத்துக்குட்பட்ட குழந்தைகளுக்கு 20%-உம், மூன்றிலிருந்து பன்னிரண்டு மாதக் குழந்தைகளுக்கு 12%-உம் குறைந்தன. பெற்றோருக்குப் பதற்றம் குறைந்தது என்று இதற்குப் பொருள் கொள்ளலாம். ஆனால் தலைக்காயத்தின் விகிதம் குறையவில்லை.

கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணமும் இதே அழுகைத் திட்டத்தைத்தான் எடுத்தது. அங்கே இரண்டு வயதுக்குட்பட்டவர்களிடம் 35% குறைவு என்று 2018-இல் அறிக்கை வந்தது. அங்கே பொதுச் சுகாதார நர்ஸ், குழந்தை வீட்டுக்குப் போன பிறகும் குடும்பத்தோடு தொடர்பில் இருந்து விஷயத்தை இன்னொரு முறை எடுத்துச் சொல்வார். கனடாவில் எல்லோருக்கும் அரசு மருத்துவம், பெற்றோருக்கு நீண்ட சம்பளத்தோடு கூடிய விடுப்பு. ஒரே வீடியோவுக்கு இரண்டு நாடுகளில் இரண்டு விதப் பலன் என்றால், வித்தியாசத்தை வீடியோவுக்கு வெளியே தேட வேண்டியிருக்கிறது. இதை நிரூபணம் என்று சொல்ல மாட்டேன், ஆனால் அடுத்த செய்தியோடு சேர்த்துப் பார்க்க வேண்டும்.

அதே ஆண்டில் இன்னொரு சட்டம்

பென்சில்வேனியா கையெழுத்துச் சட்டம் போட்ட அதே 2002-இல், நாட்டின் மறுகோடியில் கலிபோர்னியா ஒரு சட்டம் இயற்றியது. புதிதாகக் குழந்தை பெற்றவர்கள், தாயோ தந்தையோ, ஆறு வாரம் வரை சம்பளத்தின் ஒரு பகுதியைப் பெற்றுக்கொண்டு வீட்டில் இருக்கலாம் என்றது அன்றைய சட்டம். 2004 ஜூலையில் அமலுக்கு வந்தது. அமெரிக்க மாநிலங்களில் இப்படி ஒன்று கொண்டுவந்தது கலிபோர்னியாதான் முதலில். அதற்கு முன்பு, 1993-இன் மத்தியச் சட்டம் 12 வாரம் விடுப்பு கொடுத்தது, ஆனால் சம்பளம் இல்லாமல், அதுவும் 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடங்களில்.

கலிபோர்னியா சட்டத்துக்கும் குழந்தை வன்முறைக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. தொழிலாளர் நலனுக்காகப் போட்டது. 2016-இல் அமெரிக்க மத்திய நோய்த் தடுப்பு மையத்தின் ஆய்வாளர்கள் அந்தச் சட்டத்துக்கு முன்பும் பின்பும் இருந்த மருத்துவமனைப் பதிவுகளை, சம்பள விடுப்பு இல்லாத 7 மாநிலங்களோடு ஒப்பிட்டார்கள். இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளிடம் வன்முறைத் தலைக்காயத்தால் சேர்க்கப்படுவது கலிபோர்னியாவில் குறிப்பிடத்தக்க அளவு குறைந்திருந்தது.

குழந்தைக் காயத்தைத் தடுக்கவே போட்ட சட்டத்தில் பலன் தெரியவில்லை, அதை நினைத்துக்கூடப் பார்க்காத சட்டத்தில் தெரிகிறது. இதுவும் முன்பு, பின்பு ஒப்பீடுதான், ஒரே ஒரு மாநிலம்தான் என்ற எச்சரிக்கை பஃபலோவுக்குப் பொருந்தியதுபோல இதற்கும் பொருந்தும். ஆனால் இதில் எண்ணிக்கை பெரிது, காரணமும் புரிகிறது. அழுகை உச்சத்துக்குப் போகும் ஆறாவது வாரத்தில் குழந்தையை யாரிடமோ விட்டுவிட்டு வேலைக்கு ஓட வேண்டியதில்லை. வீட்டில் இரண்டு பெரியவர்கள் இருக்கலாம். சம்பளம் முழுசாக நின்றுபோகாது. நம் பக்கத்தில் தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போகும் வழக்கத்துக்கு வேறு பல காரணங்கள் உண்டு என்றாலும், ராத்திரி அழும் குழந்தையை ஒருத்தர் கையிலிருந்து இன்னொருத்தர் வாங்கிக்கொள்ள முடிகிறது என்பது அதன் பெரிய பலன். எல்லா வீட்டிலும் அப்படி நடப்பதில்லை என்பதும் தெரியும்.

இப்போதைய நிலையும் மாற்ற வேண்டியதும்

பென்சில்வேனியா சட்டத்தை யாரும் நீக்கவில்லை. நீக்க வேண்டும் என்றும் நான் சொல்ல மாட்டேன். ஆபத்தைப் பெற்றோருக்குச் சொல்லாமல் இருப்பதில் நியாயம் இல்லை, செலவும் பெரிதில்லை. சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. இப்படி ஒரு சட்டம் இருக்கும்போது, இந்தப் பிரச்சினைக்கு வேண்டியதைச் செய்துவிட்டோம் என்ற எண்ணம் வந்துவிடுகிறது.

மீண்டும் இதே சூழ்நிலை வந்தால், முதலில் மாற்ற வேண்டியது சட்டத்தை அமல்படுத்தும் வரிசையை. எல்லா மருத்துவமனைகளிலும் ஒரே நாளில் தொடங்காமல், எந்தப் பகுதி முதலில், எது அடுத்த ஆண்டு என்று சீட்டுக் குலுக்கல் முறையில் பிரித்திருந்தால், யாருக்கும் எதையும் மறுக்காமலேயே நம்பகமான ஒப்பீடு கிடைத்திருக்கும். எப்படியும் எல்லா இடத்துக்கும் விரிவாக்கச் சில ஆண்டுகள் ஆகத்தான் செய்யும். அந்த இடைவெளியை ஆய்வுக்குப் பயன்படுத்திக்கொள்ளத் தனிச் செலவு அதிகமில்லை. அப்படிச் செய்திருந்தால் 2017 வரை காத்திருக்க வேண்டியிருந்திருக்காது, மற்ற மாநிலங்களும் அதைப் பார்த்து முடிவெடுத்திருக்கும்.

எதை எண்ணுவது என்பதும் முக்கியம். படிவங்களை எண்ணுவது சுலபம், ஒவ்வொரு மாதமும் எண் கிடைக்கும், அது ஏறிக்கொண்டே போகும்போது மனதுக்கு நன்றாகவும் இருக்கும். காயங்கள் அரிதாக நடப்பவை, எண்ணுவது கடினம், விடை வர ஆண்டுகள் ஆகும். ஆனால் நிர்வாகத்தின் அறிக்கையில் முதல் வரியில் வர வேண்டியது காயங்களின் எண்ணிக்கைதான். அது எந்தக் குறியீடுகளின்படி எடுக்கப்படும் என்பதைச் சட்டம் அமலாகும் முன்பே தீர்மானித்து எழுதி வைக்க வேண்டும்.

திட்டத்தின் உள்ளடக்கத்திலும் மாற்றம் வேண்டும். பேச்சு பிரசவ வார்டோடு முடியாமல், இரண்டாம் மாதத் தடுப்பூசிக்கு வரும்போதும் தொடர வேண்டும். அன்றைக்குக் குழந்தையை யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்று கேட்டு, அந்த நபரிடம் நேரடியாகப் பேச வழி தேட வேண்டும். தாய் எடுத்துச் சொல்லிவிடுவாள் என்று அந்தப் பொறுப்பையும் அவள் தலையில் கட்டக் கூடாது.

கலிபோர்னியாவுக்குப் பிறகு நியூஜெர்சி 2009-இலும், ரோட் ஐலண்டு 2014-இலும், நியூயார்க் 2018-இலும் சம்பளத்தோடு கூடிய குடும்ப விடுப்பைத் தொடங்கின. அந்தச் சட்டங்களின் முதன்மை நோக்கமும் வேலை செய்பவர்களின் நலன்தான். அதனால் கலிபோர்னியாவில் செய்ததுபோல, அவற்றால் சிசுக்களின் தலைக்காயம் குறைந்ததா என்பதையும் மருத்துவமனைகளின் பழைய பதிவுகளைத் திரும்பிப் புரட்டித்தான் கணக்கிட வேண்டியிருக்கும். நியூயார்க்கில் இது இன்னும் சிக்கல். அங்கே பிரசவ மருத்துவமனைகளில் வீடியோ காட்டும் ஏற்பாடும் சட்டப்படி இருக்கிறது, இப்போது விடுப்பும் இருக்கிறது. இரண்டில் எதனால் எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல, அடுத்து விடுப்புச் சட்டம் கொண்டுவரும் மாநிலமாவது தொடக்கத்திலேயே ஓர் ஒப்பீட்டை ஏற்பாடு செய்ய வேண்டும்.